சோக்கட்டி சரிவரவில்லையா? அறிகுறியைப் பார்த்துப் பிழை பிடிக்கும் வழி

பிளாஸ்டர் ஒஃப் பரிஸ், தண்ணீர், நிறம் என்று மூன்றே சாமான். பிள்ளைகளோடு இருந்து சோக்கட்டி வார்க்க இதைவிட லேசான வேலை இல்லை என்றுதான் தோன்றும். ஆனாலும் கொழும்பு வீடுகளில் இது பிழைத்துப்போவது அடிக்கடி நடக்கிறது. காரணம் பெரும்பாலும் தண்ணீர்தான். பை அலுமாரியில் இருக்கும்போதே தூளுக்குள் ஏறிய ஈரம் ஒன்று, கப்பில் நாமே ஊற்றிய அளவு இன்னொன்று, காயவைத்த இடத்தில் காற்றிலேயே நிற்கும் ஈரம் மூன்றாவது. கீழே உள்ள தலைப்புகளில் உங்கள் வீட்டுப் பிள்ளை சொல்கிற முறைப்பாடு எதுவோ, அதற்கு நேரே போங்கள். அளவை மட்டும் முதலில் பார்த்துவிட்டுப் போங்கள். மற்றதெல்லாம் அந்தக் கணக்கில்தான் சொல்லியிருக்கிறது.

அளவு

பிளாஸ்டர் 150 கிராம். தண்ணீரும் நிறமும் சேர்த்து 100 மில்லிலீற்றர். தராசு இல்லாத வீட்டில் கழுவிக் காயவைத்த யோகட் கப் போதும்: அமுக்காமல் தலை தட்டிய தூள் 2 கப், தண்ணீர் 1 கப், அதோடு ஒரு மேசைக்கரண்டி போஸ்டர் கலர். டொய்லெட் ரோலின் உள்மட்டையை நீளவாக்கில் வெட்டி, 2.5 சென்ரிமீற்றர் விட்டம் வரும்படி இறுக்கிச் சுருட்டி ரேப் ஒட்டினால், இந்தக் கலவையில் 10 சென்ரிமீற்றர் நீளமான கட்டி மூன்று வரும். ஒரு கிலோப் பைக்கு இருபது கட்டி என்று கணக்கு வையுங்கள். மட்டையை வெட்டாமல் முழு அகலத்தில் வார்த்தால் சின்னக் கைக்குப் பிடிபடாது.

தண்ணீரில் நிறத்தைக் கரைத்து, அதன்மேல் தூளைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தூவ வேண்டும். தூளின்மேல் தண்ணீரை ஊற்றினால் அடியில் கட்டிபடும். தூவி முடித்ததும் ஒரு நிமிடம் கை வைக்காமல் விடுங்கள், தூள் தானாக நனைந்து இறங்கும். பிறகு ஐஸ்கிறீம் குச்சியால் ஒரு நிமிடம் மெதுவாகக் கிளறுங்கள். அப்ப மா ஊற்றுகிற பதம் வந்தால் வார்க்கலாம். ரொட்டி மாப் பதம் என்றால் ஏற்கெனவே பிந்திவிட்டது.

தூளைத் தூவுவது பெரியவர்கள் வேலை. மூக்கையும் வாயையும் மறைத்துக்கொண்டு, மின்விசிறியை நிறுத்திவிட்டுச் செய்யுங்கள். மட்டை சுருட்டுவது, நிறம் தெரிவது, கிளறுவது, ஊற்றுவது எல்லாம் பிள்ளைகளுக்கு விடலாம்.

“ஐயோ, கப் சுடுது!”

இது பிழையில்லை. தூள் தண்ணீரைப் பிடித்துக் கல்லாக மாறும்போது சூடு வரும். கலக்கி இருபது, முப்பது நிமிடத்தில் அச்சைத் தொட்டால் இளஞ்சூடாக இருப்பது நல்ல சகுனம். சூடு முழுக்கத் தணிந்த பிறகுதான் கட்டி இறுகியது என்று அர்த்தம்.

ஆபத்து வேறு இடத்தில் இருக்கிறது. கைப் பதிவு எடுக்கிறோம் என்று பிளாஸ்டர் நிறைந்த வாளிக்குள் பிள்ளையின் கையை விடக் கூடாது. அளவு பெருகப் பெருகச் சூடும் பெருகும், 60 பாகையைக்கூடத் தொடும். கல்லாகிவிட்டால் கையை இழுக்கவும் முடியாது. 2007இல் இங்கிலாந்தில் ஒரு பள்ளிக்கூடக் கலை வகுப்பில் இப்படிக் கை வைத்த 16 வயது மாணவி விரல்களை இழந்தார். மூன்று கட்டிக்கான 150 கிராமில் அந்தப் பயம் இல்லை. ஆனால் கிளறுவது குச்சியால்தான், விரலால் இல்லை.

“ஒரு மணித்தியாலமாச்சு, இன்னும் களி மாதிரியே கிடக்கு”

முதலில் தூளைச் சந்தேகியுங்கள். ஒரு சுத்தமான யோகட் கப்பில் தூள் இரண்டு தேக்கரண்டி, தண்ணீர் ஒரு தேக்கரண்டி விட்டுக் கலக்கி வையுங்கள். நிறமோ வேறெதுவோ சேர்க்க வேண்டாம். அரை மணித்தியாலத்தில் நகத்தால் குத்தினால் பதியாமல் இறுகியிருந்தால் தூள் நல்லது, பிழை உங்கள் கலவையில். அப்போதும் சேறாகவே இருந்தால் அந்தப் பையை மறந்துவிடுங்கள்.

தூள் ஏன் செத்துப்போகிறது? வாயைச் சுருட்டி ரப்பர் பட்டி போட்டு வைத்த பையில் கொழும்புக் காற்றின் ஈரம் நாளுக்கு நாள் ஏறும். கப்பில் நடக்க வேண்டிய மாற்றம் பைக்குள்ளேயே மெல்ல நடந்து முடிந்துவிடும். தூளுக்குள் பட்டாணி அளவு கட்டிகள் உருளுகின்றனவா? அதுதான் அடையாளம். சலித்துக் கட்டியை எறிந்துவிட்டு மிச்சத்தைப் பாவிக்கலாம் என்று பார்ப்பார்கள். மிச்சமும் பாதி செத்ததுதான், கட்டி உதிரும். பை உடைத்த அன்றே தூளைப் பால்மா டின்னில் கொட்டி, மூடியைச் சுற்றி ரேப் ஒட்டிவிடுங்கள். கடற்கரைப் பக்கம், வெள்ளவத்தையிலோ பம்பலப்பிட்டியிலோ இருக்கிறவர்கள் ஒரு கிலோவுக்கு மேல் வாங்கி வைக்காமல் இருப்பது நல்லது.

கடையில் தந்த சாமானே வேறாகவும் இருக்கலாம். பழைய சோனகத் தெருவில் ஹாட்வெயார் கடைக்குப் போய் “சோக் பவுடர்” என்று கேட்டால் கல்சியம் காபனேற்றுத் தூளை நிறுத்துத் தருவார்கள். அது எத்தனை நாள் வைத்தாலும் இறுகாது. சுவருக்குப் பூசும் பட்டி நமக்கு உதவாது. வெள்ளைச் சீமெந்து இறுகும், ஆனால் ஈரத்தில் தோலை அரிக்கும். பிள்ளைகள் இருக்கிற இடத்துக்கே கொண்டுவராதீர்கள். “பிளாஸ்டர் ஒஃப் பரிஸ்” என்று முழுப் பெயரைச் சொல்லி, பையில் அச்சடித்திருப்பதை வாசித்து வாங்குங்கள்.

தூள் நல்லதென்றால் இறுகவிடாமல் தடுக்கிற ஏதோ ஒன்று கலவையில் விழுந்திருக்கிறது. தேசிக்காய்ப் புளி, சீனி, பால், ஒட்டுப்பசை எல்லாமே இறுகுவதைப் பிந்தப் பண்ணும். பிள்ளை ஆசைக்கு ஊற்றின மிஞ்சிய குளிர்பானம் ஒன்றே போதும், சீனியும் புளிப்பும் சேர்ந்து வேலையைக் கெடுத்துவிடும். அப்படி நடந்திருந்தால் உடனே எறியத் தேவையில்லை, இரவு முழுக்க விட்டுப் பாருங்கள். சில நேரம் பிந்தியாவது இறுகும்.

“ஊத்த முன்னமே கப்புக்குள்ள கல்லாப் போச்சு”

முந்தின தரம் கலக்கிய அதே கப், அதே குச்சி. இதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். ஓரத்தில் ஒட்டியிருக்கும் பழைய பிளாஸ்டர்த் துணுக்கு ஒவ்வொன்றும் பாலுக்கு விட்ட உறைமோர் மாதிரி. அதைப் பிடித்துக்கொண்டு புதிய கலவை மளமளவென்று இறுகும். ஒவ்வொரு நிறத்துக்கும் புதுக் கப், புதுக் குச்சி.

வெந்நீரும் வேகப்படுத்தும். மத்தியான வெயிலில் மேல்தொட்டித் தண்ணீர் எவ்வளவு சூடாக வரும் என்று தெரியுமல்லவா? அந்த நேரம் குளிர்சாதனப் பெட்டித் தண்ணீர் பாதி கலந்துகொள்ளுங்கள். உப்பும் அப்படித்தான்: கரையோரத்துக் கிணறுகளில் உவர்த் தண்ணீர் என்றால் குழாய்த் தண்ணீருக்கு மாறுங்கள். கட்டாயம் மெதுவாக்க வேண்டுமென்றால் மேலே சொன்ன பட்டியலை உங்கள் பக்கம் திருப்பலாம். 100 மில்லிலீற்றர் தண்ணீருக்கு நாலைந்து துளி தேசிக்காய்ப் புளி சில நிமிடம் வாங்கித் தரும். அதற்குமேல் வேண்டாம்.

கலக்கிய பிறகு வார்க்க உங்களுக்கு ஐந்து நிமிடம் கிடைக்கும் என்று வையுங்கள். நாலு பிள்ளைகள் சுற்றி நின்று யாருக்கு எந்த நிறம் என்று சண்டை பிடிக்கிற நேரமும் அந்த ஐந்துக்குள்தான். சண்டையைத் தூள் தூவ முன்னம் முடித்துவிடுங்கள். இறுகத் தொடங்கிய கலவைக்குத் தண்ணீர் விட்டு இளக்குவது உதவாது, அது பிறகு உதிரும் கட்டிதான் தரும்.

“நிலத்தை விறாண்டுது, நிறம் விழேல்ல”

கட்டி பார்க்க அழகாக இருக்கும், தட்டினால் கிண்ணென்று கேட்கும், ஆனால் கீறினால் மெல்லிய தழும்பு மட்டும்தான். நல்ல சோக்கட்டி என்றால் நல்ல பலமான கட்டி என்று நினைப்பதால் வருகிற பிழை இது.

சோக் எழுதுவது தான் தேய்ந்துதான். தேய்வதற்கு உள்ளே துளை வேண்டும். 150 கிராம் பிளாஸ்டர் கல்லாக மாறுவதற்கு உண்மையில் எடுத்துக்கொள்வது 28 கிராம் தண்ணீர்தான். நாம் ஊற்றும் மிச்சத் தண்ணீர் இடத்தை மட்டும் பிடித்துவைத்திருந்து, காயும்போது துளையை விட்டுவிட்டுப் போகிறது. ஆகவே தண்ணீரைக் குறைத்தால் துளை குறையும், கட்டி சிலைபோல் இறுகும். 100 மில்லிலீற்றரிலும் விறாண்டுகிறதா, அடுத்த தரம் 110 ஆக்குங்கள். 120ஐத் தாண்டினால் பிள்ளை பிடிக்கும் பிடியிலேயே நொறுங்கும்.

தண்ணீர் சரியென்றால் பெயின்ரைப் பாருங்கள். அக்கிரிலிக், சுவர் எமல்ஷன், பெவிகோல் வகைப் பசை எல்லாம் காய்ந்தால் பிளாஸ்டிக். துளைகளைச் சுற்றி அவை படலம் பிடித்தால் கட்டி தேயாது. கழுவினால் போகும் போஸ்டர் கலர், இந்த அளவுக்கு ஒரு மேசைக்கரண்டி. பசை எதற்குமே தேவையில்லை.

கொஞ்சம் லேசான காரணங்களும் உண்டு. வஸ்லின் பூசிய அச்சில் வார்த்த கட்டிக்கு மேலே வழுவழுப்பான தோல் இருக்கும். சீமெந்துத் தரையில் நுனியை நாலு தரம் தேய்த்துவிட்டால் எழுதும். உள்ளே ஈரம் இருந்தாலும் சரியாக எழுதாது. தரையையும் பாருங்கள். தொடர்மாடி வாகனத் தரிப்பிடத்தின் சொரசொரப்பான கொங்கிறீற்றிலும் இன்டர்லொக் கல்லிலும் இழுபடும் கட்டி, விறாந்தைப் பளிங்குத் தட்டோட்டில் எப்படிச் செய்தாலும் இழுபடாது.

“கையில எடுத்தவுடன உதிருது”

தண்ணீர் கூடிவிட்டது, அல்லது தூள் பழையது. மூன்றாவது காரணத்தை யாரும் நினைப்பதில்லை: இறுகத் தொடங்கிய பிறகும் கிளறியது. ஊசி போன்ற பளிங்குகள் ஒன்றோடொன்று பின்னிக்கொள்வதால்தான் பிளாஸ்டர் கல்லாகிறது. கலவை தடிக்கத் தொடங்கிய பிறகு பிள்ளை ஆசையாகக் கிளறும் ஒவ்வொரு சுற்றும் அந்தப் பின்னலை அறுக்கிறது. தடித்தது தெரிந்ததும் குச்சியை வாங்கிவிடுங்கள்.

கோன்பிளவர் கலந்தாலும் உதிரும். அதைப் பற்றிக் கீழே.

உதிர்ந்த கட்டியை மறுபடி பொடித்துத் தண்ணீர் விட்டால் திரும்ப இறுகாது. அதை வேறு விதமாகப் பாவிக்கலாம்: பழைய துணிக்குள் வைத்து உருளையால் நசித்து, தண்ணீர் விட்டுத் தயிர்ப் பதத்தில் கரைத்துப் பெரிய தூரிகையோடு கொடுங்கள். சோக்கட்டியைவிட இதற்கே போட்டி வரும்.

“டக்கெண்டு ரெண்டா முறியுது”

முறிந்த இடத்தைப் பாருங்கள். பயறு அளவில் குழி தெரிந்தால் காற்றுக் குமிழி. வேகமாகக் கிளறினதாலோ, அச்சின் வாயை நிறைத்து மொத்தமாக ஊற்றினதாலோ உள்ளே அகப்பட்டிருக்கிறது. அச்சைக் கொஞ்சம் சரித்துப் பிடித்து மெல்லிய தாரையாக ஊற்றி, பிறகு மேசையில் இருபது தரம் தட்டுங்கள். தட்டுகிற வேலை பிள்ளைகளுக்கு மிகவும் பிடிக்கும்.

முறிந்த முகம் மழமழவென்று, இரண்டு நிறம் சந்திக்கிற கோட்டிலேயே இருந்தால் வேறு கதை. வானவில் கட்டிக்காக ஒரு நிறம் முழுக்க இறுகின பிறகு அடுத்ததை ஊற்றியிருக்கிறீர்கள். முதல் நிறத்தின் மேல்முகம் மினுக்கம் போய் மங்கும் நேரம், விரலால் தொட்டால் பதிகிற நேரம், அதுதான் அடுத்த நிறத்தை ஊற்ற வேண்டிய நேரம். தவறவிட்டால் குச்சியால் மேல்முகத்தைக் கீறிச் சொரசொரப்பாக்கி, இரண்டு துளி தண்ணீர் விட்டு ஊற்றுங்கள்.

ஐஸ் பக்கெட் பொலித்தீன் குழாயில் வார்த்தவர்களுக்கு இரண்டிலும் சேராத ஒரு முறிவு வரும். அது நல்ல அச்சு, உரிப்பதும் சுகம், ஆனால் மெல்லியது. 15 சென்ரிமீற்றர் நீளத்துக்கு வார்த்தால் எந்தக் கட்டியும் முறியும். விரல் நீளத்தில் கட்டிவிடுங்கள்.

“அச்சிலயிருந்து வருகுதில்ல”

மட்டைக்குள்ளே கேக்குக்குப் போடும் ஒயில் பேப்பரைச் சுருட்டி வைக்காமல் வார்த்திருப்பீர்கள். நனைத்துத் துண்டு துண்டாக உரிக்கலாம், போகும். அடியால் ஒழுகினால் ரேப்பை மட்டும் நம்பாமல் அச்சைக் களிமண் தட்டொன்றில் அரை சென்ரிமீற்றர் புதைத்து நிறுத்துங்கள். பிள்ளைகள் விளையாடும் பிளே டோவும் சரிவரும். கழற்ற ஒரு மணித்தியாலமாவது பொறுக்க வேண்டும்.

“நாலு நாளாச்சு, இன்னும் சில்லெண்டு இருக்கு”

இறுகுவது வேறு, காய்வது வேறு. வெளிநாட்டுக் குறிப்புகளில் “ஒரு நாள் காயவிடுங்கள்” என்றிருப்பதை நம்பிக் கொழும்பில் ஏமாறாதவர் குறைவு. மே முதல் செப்ரெம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில் துவைத்த துவாய் உலரவே இரண்டு நாள் பிடிக்கும்; இரண்டரை சென்ரிமீற்றர் தடித்த கட்டிக்கு நாலைந்து நாள் தேவை. காய்ந்ததா என்று பார்க்கக் கன்னத்தில் வையுங்கள். சில்லென்றால் இன்னும் தண்ணீர் ஆவியாகிக்கொண்டிருக்கிறது.

சமையல் தராசு இருந்தால் இன்னும் நிச்சயமாகச் சொல்லலாம். அச்சிலிருந்து எடுத்தவுடன் ஒரு கட்டியை நிறுத்து, எடையை ஒரு கடதாசித் துண்டில் எழுதி அதன் பக்கத்திலேயே வையுங்கள். 80 கிராம் இருந்த கட்டி முழுதாகக் காய்ந்தால் 57, 58க்கு வந்து நிற்கும். அதாவது பத்தில் ஏழு பங்கு. இரண்டு நாள் தொடர்ந்து எடை மாறாவிட்டால் முடிந்தது. எட்டு, ஒன்பது வயதுப் பிள்ளைகளுக்கு அந்தக் கடதாசியைப் பொறுப்புக் கொடுத்துவிடுங்கள். காயும்வரை பொறுக்க வைக்க அதைவிட வழியில்லை.

காயவைக்கிற இடம் முக்கியம். தட்டில் படுக்க வைத்தால் அடிப்பக்கம் ஈரம் அப்படியே நிற்கும். பாத்திரம் கவிழ்க்கும் கம்பித் தட்டில் இடைவெளி விட்டு அடுக்கி, மேசை மின்விசிறியை நேரே திருப்பிவிடுங்கள். இரவில் ஏசி ஓடும் அறை இருந்தால் அங்கே வையுங்கள், அந்தக் காற்றில் ஈரம் குறைவு. வெயிலும் நல்லதுதான். ஆனால் ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் பின்னேரம் இடியோடு மழை வரும், இரண்டு மணிக்கு மேல் சிலாப்பில் விட்டுவிட்டு வெளியே போகாதீர்கள்.

அவசரத்துக்குக் கேக் சுடும் அவனில் வைக்காதீர்கள். ஜிப்சம் என்ற கனிமக் கல்லை 150 பாகையளவில் சூடாக்கித்தான் பிளாஸ்டரே செய்கிறார்கள். கூடின சூட்டில் கல்லோடு பிணைந்த தண்ணீரும் கழன்று, கட்டி மெல்ல மெல்லத் தூளுக்கே திரும்பப் பார்க்கும். மைக்ரோவேவில் வெடிக்கவும் கூடும்.

காய முன்னம் பொலித்தீன் பையில் கட்டி வைத்த கட்டியில் கறுப்புப் புள்ளி பிடித்தால் அது பூஞ்சணம். வெறும் பிளாஸ்டரில் அதற்குத் தின்ன ஒன்றுமில்லை. கோன்பிளவரோ கோதுமை மாவோ கலந்திருந்தால்தான் வேகமாகப் பரவும். முட்டைக் கோதும் மாவும் சேர்த்துச் செய்யும் முறையைப் பலர் பரிந்துரைப்பார்கள். வறண்ட ஊருக்கு அது சரி. இங்கே பூஞ்சணத்துக்கு முன்னம் எறும்பு வந்துவிடும். பூஞ்சணம் பிடித்ததைக் கழுவிக் கொடுக்காமல் எறிந்துவிடுங்கள்.

“கப்புல இருந்த நிறம் எங்க?”

ஈரத்தில் கடும் சிவப்பு, காய்ந்தால் றோஸ். பிளாஸ்டரின் வெள்ளை மேலோங்குவதால் எந்த நிறமும் இரண்டு படி வெளிறும், அதை எதிர்பார்த்துக் கலக்குங்கள். அதற்காகப் பெயின்ரை இரண்டு மடங்காக்கினால் விறாண்டும் கட்டிதான் கிடைக்கும். தூளாக விற்கும் போஸ்டர் கலர் கிடைத்தால் அதுவே சிறந்தது, தண்ணீர்க் கணக்கையும் குழப்பாது. கீற முன்னம் கட்டியின் நுனியைத் தண்ணீரில் அரை நிமிடம் தோய்த்துக் கொடுத்தாலும் கோடு அடர்த்தியாக விழும்.

சாப்பாட்டு நிறம் கட்டியில் அழகாகத்தான் இருக்கும், ஆனால் அது சாயம். பிள்ளையின் கையில், வெள்ளைப் பள்ளிச் சட்டையில், சில தரைகளில் ஊறிவிடும். தரைக்குப் பூசும் சிவப்பு ஒக்சைட் அதைவிட மோசம், வாடகை வீட்டுக்காரர் கண்ணில் படவே கூடாது. வீட்டுப் பெயின்ரில் மிஞ்சிய மஞ்சள், சிவப்பு எதையும் தொடாதீர்கள்; பழைய டின்களில் ஈயம் இருக்கலாம்.

மஞ்சள்தூளைப் போட்டுப் பார்க்க நினைப்பவர்களுக்கு ஒரு விநோதம். கட்டி நல்ல மஞ்சளாகவே வரும். அதே கட்டியால் புதிதாகப் பூசிய சீமெந்துத் தரையில் ஈரத்தோடு கீறினால் கோடு கண்முன்னே செம்மண் நிறத்துக்கு மாறும். புதுச் சீமெந்து காரம், காரம் பட்டால் மஞ்சள் சிவக்கும். ஆரத்திக்கு மஞ்சளும் சுண்ணாம்பும் கலக்கும்போது நடப்பது இதேதான். பழைய தரையில் இப்படி மாறாமலும் போகலாம். வெயிலில் இந்த மஞ்சள் சீக்கிரம் வெளிறிவிடும், ஆகவே இதைப் பிழை என்று எடுக்காமல் ஒரு பின்னேர விளையாட்டாக எடுத்துக்கொள்ளுங்கள்.

“சிங்குல தண்ணி இறங்குதில்ல”

கப்பையும் குச்சியையும் குசினிக் குழாயடியில் கழுவியிருக்கிறீர்கள். பிளாஸ்டர் தண்ணீருக்குள்ளும் இறுகும், குழாய் வளைவில் போய் உட்கார்ந்து கல்லாகும். இப்போதுதான் நடந்தது என்றால் குழாயை நிறுத்தாமல் நிறையக் குளிர்ந்த தண்ணீர் விடுங்கள். வெந்நீர் வேண்டாம், இன்னும் கெதியாக இறுகும். ஏற்கெனவே அடைத்துவிட்டால் அமிலமும் அடைப்பு நீக்கும் தூளும் வீண் செலவு. சிங்கின் கீழே உள்ள வளைவைக் கழற்றி, கல்லைத் தட்டி எடுக்க வேண்டும். தொடர்மாடியில் கீழ்வீட்டுக்காரருக்கும் அதே குழாய்தான் என்பதை யோசித்துக்கொள்ளுங்கள்.

அடுத்த தரம் கப்பில் மிஞ்சியதை அப்படியே இறுக விடுங்கள். யோகட் கப்பை நசித்தால் கல் தானாகக் கழன்று விழும், குப்பையில் போடலாம். கையையும் குச்சியையும் ஒரு வாளித் தண்ணீரில் கழுவி, அந்த வாளியை விடியும்வரை ஆட்டாமல் வையுங்கள். காலையில் மேலே நிற்கும் தெளிந்த தண்ணீரை முற்றத்து மண்ணில் ஊற்றிவிட்டு, அடியில் தங்கியதைச் சுரண்டிப் பழைய பேப்பரில் சுற்றிப் போட்டுவிடுங்கள்.